குளத்து மீனும் நோய் எதிர்ப்பு மரபணுவும்: கேள்வி பதில்

மியான்மரின் ஐராவதி டெல்டாவில் ரோகு மீன் வளர்க்கும் நம்மவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

துவாண்டேயிலிருந்து: லைசோசைம் மரபணு உள்ள ஙா மிச்சின் (ரோகு) குஞ்சு என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா அக்கா?

அந்தப் பெயருக்காக ஒரு காசும் கூட்டிக் கொடுக்காதீர்கள். லைசோசைம் மரபணு இல்லாத ரோகுவே கிடையாது. லைசோசைம் என்பது பாக்டீரியாவின் செல்சுவரில் சர்க்கரைகளைக் கோத்திருக்கும் பிணைப்பை அறுக்கும் நொதி. 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அறிவித்தது. குஞ்சு விற்பவரிடம் தாய்மீனின் வம்சத்தைக் கேளுங்கள். புவனேஸ்வரத்தில் உருவாகி 1997-இல் வெளிவந்த ஜெயந்தி ரோகுகூட மரபணுவைச் செருகிச் செய்ததல்ல, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது.

மோபினிலிருந்து: மீனில் கோழி வகை, வாத்து வகை என்று இரண்டு லைசோசைம் இருப்பதாகப் படித்தேன். எங்கள் குளத்துக்கு மேலேதான் கோழிக்கூடு. அதிலிருந்து மீனுக்கு ஏறியதா?

இல்லை தம்பி. முதலில் கோழி முட்டையிலும் பெருவாத்து முட்டையிலும் ஆராய்ந்ததால் வந்த பெயர்கள் அவை. பறவைக்கும் மீனுக்கும் பொதுவான முன்னோரிடமிருந்தே இரண்டும் வந்தன. மனிதனுக்கும் இரண்டு வகை மரபணுவும் உண்டு. தின்ற மரபணு குடலில் செரித்துப்போகும்.

மறுபடி மோபின்: அப்படியானால் கூண்டுக்குக் கீழே உள்ள மீன் மட்டும் ஏன் கொழுக்கிறது?

அது உரத்தின் வேலை. எச்சம் விழுந்து தண்ணீர் பச்சை பிடிக்கிறது, அதில் பெருகும் நுண்ணுயிர்களை மீன் தின்கிறது. இதில் நீங்கள் பயப்பட வேண்டியது வேறு. கோழிக்கு ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் போட்டால் எச்சத்தோடு அதுவும் குளத்தில் இறங்கும். பிறகு மருந்துக்கு அசையாத பாக்டீரியாதான் மிஞ்சும்.

ரங்கூனிலிருந்து: நொதி கூடச் சுரந்தால் நோய் வராது, அவ்வளவுதானே?

அப்படிக் கணக்குப் போட முடியாது. அட்லாண்டிக் சால்மனில் கணைய அழுகல் வைரஸைத் தாங்கும் மீன்களுக்கும் தாங்காத மீன்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் போனவர்கள், 2021-இல் நெட்8 என்ற புரதத்தை முடுக்கும் ஒரு நொதியின் மரபணுவில் வந்து நின்றார்கள். செல்களில் அந்த மரபணுவை முடக்கியதும் வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைந்தது. அந்த நொதி ஓடினால் வைரஸுக்குத்தான் லாபம். எந்த நொதி, எந்தக் கிருமி என்று பார்க்காமல் "கூடுதல் நல்லது" என்று சொல்லவே கூடாது.

ஞாவுண்டோனிலிருந்து: குளிர்மாதத்தில் மீனுக்கு உடம்பெல்லாம் புண். என்ன ஆன்டிபயாடிக் போடலாம்?

இந்தக் கேள்வி இன்றைக்கு நாலாவது தடவை. பரிசோதிக்காமல் போடாதீர்கள். அந்தப் புண்ணுக்குக் காரணம் அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரியாக இருக்கலாம். அதற்குப் பாக்டீரியாவின் சுவர் கிடையாது. ஆன்டிபயாடிக்கும் தொடாது, லைசோசைமும் அறுக்காது. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் எதிர்ப்பும் மந்தமாகும்.

துவாண்டேயிலிருந்து இன்னொருவர்: மருந்தில்லாமல் நாங்கள் என்னதான் செய்வது?

மீனின் வழவழப்பைக் காப்பாற்றுங்கள். லைசோசைம் அதிலும் இருக்கிறது. வலையில் நெருக்கிப் பிடித்து, உலர்ந்த கூடையில் கொட்டினால் அது உரிந்துவிடும். கையையும் கூடையையும் நனைத்துக்கொள்ளுங்கள். குளிர் உறைக்கும் நாட்களில் வலை போடாமலே இருங்கள்.