மோட்டார் போகவில்லை, சுண்ணாம்பு பிடித்திருக்கிறது

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். வீட்டில் நான்கடி கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறோம். கோமாளி மீன் ரெண்டு, ஒரு இறால், பாறைகள். தொட்டிக்குக் கீழே சம்ப் என்று ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது, அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப் ஒரு வாரமாகக் கரகரவென்று சத்தம் போடுகிறது, தண்ணீரும் பாதிதான் வருகிறது. நேற்று கரண்ட் போய் வந்த பிறகு தட்டிவிட்டால்தான் ஓடியது. தொட்டி போட்டுக் கொடுத்தவர், "மோட்டார் போயிருச்சுங்க, புதுசு வாங்கிருங்க" என்கிறார். மாமா, காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கட்டிக்கலாம் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: ரெண்டுமே வேண்டாம். சத்தம், தண்ணீர் குறைவது, கரண்ட் வந்ததும் தானாக எழாதது, இவை மூன்றும் சுண்ணாம்பு பிடித்த பம்பின் அடையாளம். காயில் எரிந்திருந்தால் தட்டினாலும் ஓடாது.

கடல்நீரில் கால்சியம் அதிகம். பம்புக்குள் சுற்றுகிற இடம் சூடாக இருப்பதால், ஹீட்டர் ராடில் வெள்ளை படிவதுபோல அங்கே சுண்ணாம்பு படிகிறது. தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரம்தான் இம்பெல்லர். காந்தத்தோடு சேர்ந்த அந்த இம்பெல்லருக்கும் அது சுற்றும் குழிக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கொஞ்சம் படிந்தாலே உரசும், அப்புறம் நின்றுவிடும்.

மாமா சொல்வது கிணற்று மோட்டாருக்குச் சரி. கோயம்புத்தூரைச் சுற்றி இருக்கிற நமக்கு மோட்டார் என்றாலே காயில் கட்டும் கடைதான் நினைவுக்கு வரும். ஆனால் மீன்தொட்டி பம்பில் காயிலை எப்பாக்ஸி என்ற பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். அதை உடைத்தால் பழையபடி நீர் புகாமல் மூட முடியாது. உப்புத் தண்ணீரில் கரண்ட் கசியும், அதில்தான் நீங்கள் தினமும் கை விடுகிறீர்கள்.

கழுவுவது சுலபம். முதலில் தொட்டியோடு சேர்ந்த எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பம்ப் நின்றதும் மேலிருந்து தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பை எடுத்தபின் தொட்டியில் அலை பம்ப் இருந்தால் அதை மறுபடி ஓட விடுங்கள், மீனுக்குக் காற்று வேண்டும். பம்பின் முன்மூடியைத் திருகி எடுத்து இம்பெல்லரை மெதுவாக இழுங்கள். நடுவில் உள்ள செராமிக் தண்டு சட்டென்று ஒடியும். அதன் முனைகளில் இருக்கும் சின்ன ரப்பர் மூடிகள் தொலைந்தால் தனியாகக் கிடைப்பது கஷ்டம், அதனால் சிங்க்கில் வைத்துக் கழற்றாதீர்கள்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து பாகங்களை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். நுரைத்துச் சுண்ணாம்பு கரையும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, குழிக்குள்ளும் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு, கிரீஸ், எண்ணெய் எதுவும் கூடாது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், தொடவே தொடாதீர்கள். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஒரு நிலையில் வினிகர் கைகொடுக்காது. காந்தத்தின் மேலுறை விரிசல் விட்டு உள்ளே உப்புத் தண்ணீர் போனால், காந்தம் துருப்பிடித்து உப்பி வீங்கும். கழுவியபின் இம்பெல்லரைக் குழிக்குள் போட்டு விரலால் சுற்றுங்கள். காந்தம் இழுப்பதால் சீரான இடைவெளியில் லேசாகத் தடுக்கும், அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் உரசினால், பழுப்புக் கறை இருந்தால், நகத்தால் வருடும்போது மேடு தட்டினால், உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சிலர் அந்த மேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தருகிறார்கள். மிச்சமிருக்கும் உறையும் போய், துரு நேராகத் தொட்டிக்குள் இறங்கும், இறால்தான் முதலில் சாகும். அப்போதும் முழு பம்ப் வேண்டாம், இம்பெல்லர் மட்டும் மாற்றினால் போதும்.

அந்த இம்பெல்லரைத்தான் பல கடைக்காரர்கள் தனியாக விற்க மாட்டேன் என்கிறார்கள். கிணற்று மோட்டாருக்கு ஒரு வாஷர் வேண்டுமென்றால் எந்த ஹார்டுவேர் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். பல ஆயிரம் கொடுத்து வாங்கும் இந்தப் பம்புக்கு உதிரிப் பாகம் கேட்டால், "வராதுங்க" என்று ஒரே பதில். உதிரி கொண்டுவராமல் பம்பை மட்டும் இறக்குமதி செய்து விற்பதை யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை பம்ப் வாங்கும்போதே உபரியாக ஒரு இம்பெல்லரும் வாங்கி வையுங்கள். அது தர முடியாத கடையில் பம்பும் வாங்காதீர்கள்.

தொட்டி போட்டுக் கொடுப்பவர்களில் நல்லவர்கள் உண்டு. ஆனால் கழற்றிக்கூடப் பார்க்காமல் மோட்டார் போச்சு என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். புதுசு மாட்டிவிட்டு, பழையதை "நான் போட்டுடறேனுங்க" என்று எடுத்துப் போவார். அது வினிகரில் குளித்து வேறு வீட்டுத் தொட்டியில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். காசு உங்களுடையது, பழைய பம்பும் உங்களுடையது. கேட்டு வாங்கி வையுங்கள்.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். குறையும் தண்ணீருக்குப் போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். போர் தண்ணீரை விடவிடச் சுண்ணாம்பைத்தான் சேர்த்துக்கொண்டே போகிறீர்கள். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் ஆவியாவது அதிகம், அந்த மாதங்களில் பம்பை இன்னும் சீக்கிரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.