2,40,000 கிலோமீட்டர் ஓடிய மினிவேனை இன்னும் நம்பலாமா?

கேள்வி: எங்களுடையது ஏழு பேர் உட்காரும் மினிவேன், ஆட்டோமேட்டிக் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். இப்போது 2,40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. முன்பு வைத்திருந்தவர் எதை எப்போது மாற்றினார் என்ற கணக்கே கிடைக்கவில்லை. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா என்று கேட்டால், ஒரு மெக்கானிக் "இத்தனை ஓடிய வண்டியில் அதைத் தொடாதீர்கள், தொட்டால் கியர்பாக்ஸ் படுத்துவிடும்" என்கிறார். இன்னொருவர் உடனே மாற்றியாக வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலாமவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. "ஆயில் மாற்றிய மறுவாரமே கியர்பாக்ஸ் போச்சு" என்று நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் கொஞ்சம் தோண்டிக் கேட்டால், அந்த வண்டிகள் ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்து, கியர் தாமதமாக விழுந்து, வேறு வழியில்லாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவையாக இருக்கும். உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்துபோன பிறகு புது ஆயில் ஊற்றி எந்தப் பயனும் இல்லை. ஆயில் மாற்றாவிட்டாலும் அது போயிருக்கும்.

உங்கள் வண்டி ஒழுங்காகக் கியர் மாறுகிறது என்றால் மாற்றுங்கள். மாற்றும் விதத்தில்தான் கவனம் வேண்டும். மெஷினை மாட்டி அழுத்தத்தில் முழு ஆயிலையும் தள்ளி எடுக்கும் முறை, வருடக்கணக்கில் தொடாத கியர்பாக்ஸுக்கு வேண்டாம். அடியில் படிந்த கசடு கிளம்பி, கியர் மாற ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்க வாய்ப்பு உண்டு. அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்து, தானாக வடிவதை மட்டும் வடியவிட்டு, வடிந்த அளவுக்குப் புதியதை ஊற்றுவதே பாதுகாப்பு. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் இப்படி வடியாது. அதனால் ஒரு தடவையில் மொத்தத்தில் ஒரு பங்குதான் மாறும். பத்தில் நான்கு பங்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று தடவை செய்தால், பழைய ஆயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் மிஞ்சும். அது போதும்.

வடிந்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் வயதாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். தீய்ந்த வாடை வந்தால் உள்ளே சூடு அதிகம் ஏறியிருக்கிறது. அடித்தட்டைக் கழற்றும் அமைப்பு என்றால் அதிலுள்ள காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். கையில் உறுத்தும் உலோகத் துண்டுகள் கிடைத்தால் கெட்ட செய்தி. ஆயில் ரோஜா நிறத்தில் பால் போலக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் குழாய் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று. கியர் ஆயில் எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டிக் கையேட்டில் என்ன பெயர், என்ன குறியீடு போட்டிருக்கிறதோ அதுதான். தனித்தனி கியர் படிகள் இல்லாத சிவிடி கியர்பாக்ஸ் என்றால் இதில் துளியும் சமரசம் கூடாது. "ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தாலும் என் பதில் மாறாது. ஏழு பேரும் அவர்களின் மூட்டை முடிச்சுகளும் ஏறி மேட்டில் இழுக்கும் வண்டியில் கியர்பாக்ஸ் வாங்கும் சூடு, ஒற்றை ஆள் ஓட்டும் சிறிய காரில் வருவதில்லை.

கேள்வி: எங்களுடையது வேறொரு வண்டி. டைமிங் பெல்ட்டைத் திறந்து பார்த்தோம். விரிசல் எதுவும் இல்லை, புதிது போல இருக்கிறது. 1,50,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, வண்டிக்கு வயது பதினொன்று. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பகுதியில் நான் பிடிவாதமாகச் சொல்வது இது ஒன்றுதான். இப்போது வரும் பெல்ட்டுகளின் ரப்பர் பழைய காலத்து ரப்பர் போல வெடித்துக் காட்டிக்கொடுக்காது. உள்ளே இருக்கும் இழைகள் களைத்திருக்கும், மேலே பளபளப்பாக இருக்கும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது இந்தப் பெல்ட்தான். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்த நொடியில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்கு முன்னால் சத்தமோ விளக்கோ எச்சரிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஏழு முதல் பத்து வருடத்துக்குள், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்வார்கள். உங்களுக்கு வயதும் தாண்டிவிட்டது, தூரமும் எல்லையில் நிற்கிறது.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் பேரிங், அந்தப் பெல்ட்டே சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். உழைப்புக் கூலியில் பெரும் பகுதி அங்கே கை நுழைய வழி செய்வதற்குத்தான் போகிறது. ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுகினால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லா வண்டிக்கும் பெல்ட் இல்லை. டொயோட்டா சியன்னாவில் 2007 மாடலில் வந்த 3.5 லிட்டர் எஞ்சினுக்குச் செயின். அதற்கு முந்தைய 3.3 லிட்டருக்குப் பெல்ட். இன்னோவாவின் பழைய 2.5 லிட்டர் டீசலுக்குப் பெல்ட், கிரிஸ்டாவின் 2.4 லிட்டருக்குச் செயின். ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே இப்படி மாறுகிறது என்பதால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல் எஞ்சின் எது என்று பார்த்துக் கேளுங்கள். செயின் இருக்கிறது என்று கவலையை விட்டுவிடவும் முடியாது. செயினுக்கும் அதன் டென்ஷனருக்கும் எஞ்சின் ஆயில்தான் உயிர். ஆயில் குறைந்தும் கெட்டும் ஓடிய எஞ்சினில் செயின் நீண்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வரும்.

கேள்வி: கூலன்ட் மாதம் கொஞ்சம் குறைகிறது. கீழே சொட்டுவது தெரியவில்லை. அவ்வப்போது தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். இதில் தப்பு உண்டா?

பதில்: உண்டு. நானும் இதே தப்பைச் செய்து ஒரு எஞ்சினைப் பறிகொடுத்திருக்கிறேன். நான்கு மாதம் தண்ணீர் ஊற்றியே ஓட்டினேன். பிறகு ஒரு நீண்ட பயணத்தில் எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் காஸ்கெட் போனது, அலுமினிய ஹெட்டும் வளைந்தது. எல்லாவற்றுக்கும் மூலம் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டியில் இருந்த மயிரிழை விரிசல். சூடாக இருக்கும்போது மட்டும் ஆவியாக வெளியேறிக்கொண்டிருந்ததால் தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

குறைகிறது என்றால் எங்கோ போகிறது. சிஸ்டத்துக்குப் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதைச் செய்யச் சொல்லுங்கள். மினிவேனில் தனியாகப் பார்க்க வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. பின்சீட்டுக்காரர்களுக்கு ஹீட்டர் உள்ள வண்டிகளில் கூலன்ட் குழாய்கள் வண்டியின் அடிவயிறு நெடுக ஓடும். சேறும் ஈரமும் பட்டு அவை அரித்துப்போகும். பின் ஏசிக்கான குழாய்களும் அதே வழியில்தான் போகின்றன. பின் ஏசி காற்று திடீரென்று சூடானால் கம்ப்ரஸரைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெறும் தண்ணீரின் கொதிநிலை குறைவு, துருவும் பிடிக்கும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி என்பதுதான் வழக்கமான கலவை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம்தான், உள்ளே இருக்கும் ரசாயனத்தைச் சொல்லாது.

வழியில் சூடு முள் ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்த இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் கொஞ்சம் சூடு வெளியேறும். எல்லாக் கூலன்டும் போய்விட்டால் முள் சில நேரம் கீழே இறங்கியும் காட்டும், ஏனென்றால் சென்சாரைத் தொட நீரே இருக்காது. முள் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து மறுபடி ஓட்டிவிடாதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவும் கூடாது.

கேள்வி: பக்கவாட்டுக் கதவு இழுக்கக் கனமாக இருக்கிறது. குழந்தைகளால் மூட முடியவில்லை.

பதில்: தண்டவாளத்தில் மண், சில்லறை, பிஸ்கட் தூள் எல்லாம் சேர்ந்திருக்கும். பிரஷ்ஷால் துடைத்து, வேக்யூமில் இழுத்து, நடு ரோலரையும் கீழ் ரோலரையும் பாருங்கள். ரோலர் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே கதவு லேசாகிவிடும். சுத்தம் செய்த பிறகு சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். எஞ்சின் ஆயில் விடாதீர்கள், தூசியை இழுத்து மூன்றே வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மோட்டார் கதவு என்றால் அதன் கேபிள் பிரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிள் பிரிந்திருந்தால் சுவிட்சை அணைத்துக் கையால் இயக்கிக்கொண்டு, சீக்கிரம் மாற்றுங்கள்.

கேள்வி: எஞ்சின் ஆயிலும் குறைகிறது. 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர். எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புகை இல்லை, இழுவை குறையவில்லை என்றால் இரண்டு தடவை எரிபொருள் நிரப்புவதற்குள் ஒரு தடவை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், குறைந்ததை ஊற்றுங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பொருள், ஆயில் குடிப்பதற்கு அதுவே காரணமாக இருப்பதும் உண்டு. ஆயில் குடிப்பதால் ஒரு எஞ்சின் சாவதில்லை. குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டுவதால்தான் சாகிறது.

கேள்வி: இதே மாதிரி அதிகம் ஓடிய இன்னொரு மினிவேனைத் தம்பிக்கு வாங்கலாம் என்று பார்க்கிறோம். ஒன்று 3,00,000 கிலோமீட்டர், எல்லாப் பில்லும் இருக்கிறது. இன்னொன்று 1,20,000, பில் எதுவும் இல்லை. குறைவாக ஓடியதைத்தானே எடுக்க வேண்டும்?

பதில்: நான் என்றால் பில் உள்ளதை முதலில் போய்ப் பார்ப்பேன். பெல்ட், கியர் ஆயில், கூலன்ட் மூன்றும் எப்போது மாறின என்று எழுத்தில் இருந்தால், அந்த 3,00,000 என்ன மாதிரியான 3,00,000 என்று தெரிந்துவிடும். மற்றதில் அந்த 1,20,000 உண்மைதானா என்பதே தெரியாது. பிரேக் பெடல் ரப்பரும் ஓட்டுநர் சீட்டின் ஓரமும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

எதை எடுத்தாலும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனர் மாட்டும்போது பழுதுக் குறியீடு இல்லை என்பதோடு நிற்காமல், வண்டி தன்னைத்தானே பரிசோதிக்கும் மானிட்டர்கள் முடிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். பல மானிட்டர்கள் "முடியவில்லை" என்று காட்டினால், யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பின் ஏசியைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கக் கதவையும் பத்து தடவை திறந்து மூடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் இவ்வளவு பழைய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

கடைசியாக லிஃப்டில் தூக்கிக் கீழே பாருங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மாற்று கிடைக்கும். ஆனால் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடத்திலும், எஞ்சினைத் தாங்கும் சப்ஃபிரேமிலும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டியிலும் துரு ஊடுருவி ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால், பில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.