கழற்றும் முன் படம் எடுங்கள்: நிறுவல் கலை கேள்வி-பதில்

கே: ப்ரொஜெக்டர் வைத்த நிறுவலை (இன்ஸ்டலேஷன், ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பது) வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமரா பழுதா?

ப: கேமரா நன்றாகத்தான் இருக்கும். ஷட்டரை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். ப்ரொஜெக்டர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஷட்டரை 1/60 அல்லது 1/30 நொடியில் பூட்டுங்கள். நிறச் சக்கரம் சுழலும் டிஎல்பி ப்ரொஜெக்டர் என்றால், ஷட்டர் வேகம் கூடக் கூட நிறக்கோடுகளும் கூடும். காட்சி அசையாததா? ட்ரைபாடில் வைத்து அரை நொடி எக்ஸ்போஷரில் எடுத்தால் கோடு காணாமல் போய்விடும்.

கே: சின்ன அறை. முழுவதும் ஒரே படத்தில் வர எந்த லென்ஸ்?

ப: ஃபுல் ஃப்ரேமில், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமராவில், 24 மி.மீ. அதற்குக் கீழே போகாதீர்கள். 16இல் எடுத்தால் பத்தடி அறை முப்பதடியாகத் தெரியும். அடுத்த முறை உங்களைக் கூப்பிடுபவர் முப்பதடிக் கூடத்தைத் தயார் செய்துவைத்திருப்பார். ஆள் இல்லாமல் ஒரு படம், ஆள் நிற்க ஒரு படம் இரண்டும் வேண்டும். ஆள் இல்லாத படத்தில் அளவு யாருக்கும் பிடிபடாது.

கே: என் இன்ஸ்டலேஷனை டிஜிட்டலாக எப்படி டாக்குமென்ட் செய்வது? அவசரம்.

ப: என்ன பொருள், இருட்டறையா வெளிச்சமா, ஒலி உண்டா, பார்வையாளர் உள்ளே நடப்பாரா, எத்தனை நாள் இருக்கும்? ஒன்றுமே எழுதவில்லை. அவசரம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சரி, எல்லோருக்கும் பொருந்துவது ஒன்று உண்டு: கழற்றும் முன் அளவு எடுங்கள். அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்தே சில படம் எடுங்கள். கொக்கி எங்கே, ஒயர் எந்த வழியாகப் போகிறது, விளக்கு எந்தக் கோணத்தில் என்பதெல்லாம் அழகான படத்தில் தெரியாது.

கே: 360 டிகிரி விர்ச்சுவல் டூர் நல்லதா, முப்பரிமாண ஸ்கேன் நல்லதா? மேலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் தொங்கும், நடுநடுவே கண்ணாடித் துண்டுகள்.

ப: முதலில் படைப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம். இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், கடிதங்கள் நிற்பதாக இல்லை.

படங்களிலிருந்து ஸ்கேன் செய்யும் முறையான ஃபோட்டோகிராமெட்ரி, அடுத்தடுத்த படங்களில் ஒரே புள்ளி எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி உருவத்தைக் கட்டுகிறது. அதனால் ஒரு படம் பக்கத்துப் படத்தோடு சுமார் 70 சதவீதம் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடி, பளபளப்பு, வெறும் வெள்ளைச் சுவர், காற்றில் ஆடும் நூல் ஆகியவற்றில் நிலையான புள்ளி கிடைக்காது. உங்கள் நூல்களை ஸ்கேன் செய்தால் உருகிய மெழுகு மாதிரி ஒரு கட்டிதான் வரும். படங்களிலிருந்து காட்சியை மங்கலான நிறப்புள்ளிகளாகக் கட்டும், 2023இல் பரவத் தொடங்கிய காஸியன் ஸ்ப்ளாட்டிங் நூலையும் பிரதிபலிப்பையும் இதைவிட நன்றாகக் காட்டும். ஆனால் அதிலிருந்து நம்பகமாக அளவு எடுக்க முடியாது. கோப்பும் பெரிது, போனில் திறக்கும் முன்பே பார்ப்பவர் போய்விடுவார்.

விர்ச்சுவல் டூர் கேமரா வைத்த இடத்திலிருந்து மட்டும்தான் பார்க்கும். நூல்களுக்கு நடுவே புகுந்து நடப்பதுதான் உங்கள் படைப்பு. டூரிலோ பார்வையாளர் அம்புக்குறியை அழுத்தித் தாவிக்கொண்டிருப்பார். போதாக்குறைக்கு டூரை ஏற்றிய தளத்துக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தினால் டூரும் போகும். எடுத்தே தீருவேன் என்றால் 2:1 விகிதத்தில் உள்ள மூலப் படங்களையாவது உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. அசையாத, சுற்றிவந்து பார்க்கும் சிற்பம்போன்ற படைப்பை மறுபடி நிறுவ வேண்டியிருந்தால் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டியது வெட்டில்லாத ஒரே வீடியோ: கண் உயரத்தில், நடக்கிற வேகத்தில், மூன்று நான்கு நிமிடம். நூல் தோளில் உரசட்டும், கண்ணாடியில் எடுப்பவர் தெரிந்தாலும் பரவாயில்லை. அதோடு ஒரு தரைப்படம் (மேலிருந்து பார்ப்பதுபோல் அறையின் வரைபடம்). அப்புறம், கழற்றும் முன் நூல்களின் நீளத்தை எழுதிவையுங்கள்.

கே: முழுக்கச் சிவப்பு விளக்கு போட்ட அறை. படத்தில் வெளிறிப்போகிறது.

ப: நிறத்தைத் தானே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் உங்கள் சிவப்பைக் குறை என்று நினைத்துத் திருத்துகிறது. 2003இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் கலைஞர் ஒலாஃபர் எலியாசன் வைத்த செயற்கைச் சூரியனின் மஞ்சள் விளக்குகள், மஞ்சளும் கறுப்பும் தவிர வேறு நிறம் தெரியாதபடி செய்தன. அதைத் ‘திருத்தி’ எடுத்தால் என்ன மிஞ்சும்? பகல் வெளிச்சம், அதாவது 5500 கெல்வின் பக்கம் நிறுத்தி, கேமரா திருத்தாத ரா ஃபைலில் எடுங்கள். சிவப்பு ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதபடி ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். ஒரு படத்தையாவது அந்த அறையிலேயே உட்கார்ந்து, கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

கே: ஒலி நிறுவலின் வீடியோவுக்குப் பின்னணி இசை போடலாமா?

ப: வேண்டாம். கேமரா மைக்கும் வேண்டாம்; தனி ரெக்கார்டர், பார்வையாளரின் காது உயரத்தில்.

கே: பழைய ஊடாடும் படைப்பு ஃப்ளாஷில் இருக்கிறது. இப்போது திறக்கவே இல்லை.

ப: உலாவியில் அனிமேஷன், ஊடாடும் படைப்புகளை ஓட்டிய ஃப்ளாஷுக்கு 2020 முடிவோடு அடோபி ஆதரவை நிறுத்திவிட்டது. ஃப்ளாஷ்போலவே இயங்கிப் பழைய கோப்பை ஓட்டும் ரஃபிள் என்ற இலவச எமுலேட்டரில் முயலுங்கள். எளிய கோப்புகள் பெரும்பாலும் ஓடும். ஓடினால் அன்றே திரைப்பதிவு எடுத்துவிடுங்கள், ஒருவர் மவுஸை நகர்த்திப் பயன்படுத்துவதையும் சேர்த்து. மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

கே: விண்ணப்பத்தில் 10 படம் கேட்கிறார்கள். 24 அனுப்பலாமா?

ப: 10 அனுப்புங்கள். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஆண்டு, பொருட்கள், உயரம் × அகலம் × ஆழம், படம் எடுத்தவர் பெயர். கோப்பின் பெயர் ‘ஃபைனல்_ஃபைனல்_2’ என்று இருக்கக் கூடாது.