கழிவுநீரின் பிஎச்சும் கரியில் ஒட்டும் மருந்தும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வலிநிவாரணி மருந்தான டைக்ளோஃபெனாக்கின் கரைசலில் செயலூட்டிய கரியை (மாசுகளைக் கவர்ந்து பிடிக்கும் நுண்துளைக் கரி) போட்டேன். பிஎச் (அமில-கார அளவு) 3-இல் மருந்து அநேகமாக முழுவதும் நீங்கியது. பிஎச் 8-இல் பாதிகூட நீங்கவில்லை. கரி மட்டமானதா?

பதில்: கரியின் மேல் பழி போட வேண்டாம். டைக்ளோஃபெனாக் ஒரு வலிமை குறைந்த அமிலம்; அதன் பிகேஏ ஏறத்தாழ 4.2. பிகேஏ என்பது மூலக்கூறுகளில் பாதி அயனியாகியிருக்கும் பிஎச். பிஎச் 7-ஐ எட்டும்போது ஏறத்தாழ 600-இல் 1 மட்டுமே மின்சுமையற்றதாக எஞ்சும். எதிர்மின் அயனியான மருந்து நீரை விட்டு எளிதில் வராது. கரியின் பரப்பும் தன் சுழி மின்சுமைப் புள்ளியை (பரப்பின் நிகர மின்சுமை சுழியாகும் பிஎச்) தாண்டிய பிஎச்சில் எதிர்மின்சுமை ஏற்றுக்கொள்வதால், இரண்டும் ஒன்றையொன்று விலக்கத் தொடங்குகின்றன.

ஆனால் உங்கள் பிஎச் 3 முடிவையும் நான் உடனே நம்பமாட்டேன். அமில நீரில் டைக்ளோஃபெனாக்கின் கரைதிறன் மிகக் குறைவு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் எடுத்திருந்தால் பெரும்பகுதி தானாகவே வீழ்படிவாகி, வடிதாளில் தங்கி, கரி கவர்ந்த கணக்கில் சேர்ந்திருக்கும். ஆய்வேடுகளைத் திருத்தும்போது நான் முதலில் தேடுவது, கரி போடாமல் அதே பிஎச்சில் வைத்த வெற்றுக் குடுவையைத்தான்.

கேள்வி: அப்படியானால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் கழிவுநீரில் அமிலம் சேர்த்துவிடலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் அளவில்) உள்ள நீரில், அதை முழுதும் சமன்செய்யவே லிட்டருக்கு 196 மில்லிகிராம் கந்தக அமிலம் வேண்டும். நாளொன்றுக்கு 1,000 கனமீட்டர் என்றால் ஏறத்தாழ 200 கிலோ. இந்தியாவில் வெளியேற்றும் நீரின் பிஎச் பொதுவாக 5.5 முதல் 9.0-க்குள் இருக்க வேண்டும் என்பதால், பிறகு காரமும் சேர்க்க வேண்டிவரும். பிஎச்சை மாற்றுவதைவிட, நீரின் இயல்பான பிஎச்சில் நன்றாகக் கவரும் கரியைத் தேர்ந்தெடுப்பதே மலிவு.

கேள்வி: நுண்ணுயிர்க்கொல்லி மருந்தான சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே விதிதானா?

பதில்: இல்லை. அதற்கு 6.1, 8.7 ஆகிய இரண்டு பிகேஏக்கள் உண்டு. முதலாவதற்குக் கீழே நேர்மின் அயனி, இரண்டாவதற்கு மேலே எதிர்மின் அயனி, இடையில் இரு மின்சுமைகளையும் ஒருங்கே தாங்கிய நிலை. எதிர்மின் அடுக்குகள் கொண்ட மான்ட்மோரில்லோனைட் களிமண், அமில நீரில் அதை அயனிப் பரிமாற்றத்தால் நன்றாகப் பிடிக்கும். பிஎச் 9-ஐத் தாண்டினால் பிடி தளர்ந்துவிடும்.

வலிப்பு நோய் மருந்தான கார்பமாசெபைன் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். கழிவுநீரின் பிஎச் எல்லைக்குள் அது அயனியாவதே இல்லை. அதற்கு இந்தக் கவலை தேவையில்லை.

கேள்வி: சுழி மின்சுமைப் புள்ளியை எளிய முறையில் எப்படிக் காண்பது?

பதில்: 0.01 மோலார் உப்புக் கரைசலை 50 மில்லிலிட்டர் வீதம் குடுவைகளில் எடுத்து, பிஎச்சை 2, 4, 6, 8, 10 என்று அமைத்து, ஒவ்வொன்றிலும் 0.1 கிராம் கரியிட்டு, மூடி, ஒரு நாள் குலுக்குங்கள். தொடக்கப் பிஎச்சும் இறுதிப் பிஎச்சும் ஒன்றாக இருக்கும் இடமே அப்புள்ளி. மருந்துச் சோதனையிலும் இறுதிப் பிஎச்சைத் தவறாமல் குறியுங்கள். கரியிலுள்ள சாம்பல் பிஎச்சை உயர்த்திவிட்டால், நீங்கள் 5 என்று எழுதிய குடுவை உண்மையில் 7-இல் நின்றிருக்கும்.