பழைய செட்டுக்குப் புதுத் திரை: ஹாம் கேள்வி பதில்

ஹாம் செட்டை, அதாவது பொழுதுபோக்கு வானொலியர்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் ரேடியோவை, கம்ப்யூட்டரோடு இணைப்பது பற்றி நம் இரண்டு மாவட்டத்து நண்பர்கள் கேட்டவை இவை. கேட்டவரின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் இருப்பது கிருஷ்ணகிரி.

பாலக்கோடு: அண்ணா, என்னிடம் பிட்எக்ஸ்-40 செட் இருக்கு, ஆர்.டி.எல். டாங்கிளும் (யு.எஸ்.பி.யில் செருகும் குட்டி ரிசீவர்) வாங்கிட்டேன். 40 மீட்டர் பேண்டை (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அப்படியே திரையில பார்க்கணும். வயரை எங்கே எடுக்கறது?

தம்பி, முதல் மிக்ஸருக்கு (அலைவரிசையை மாற்றும் பகுதி) பின்னால், கிரிஸ்டல் ஃபில்டருக்கு (ஒரு நிலையத்தின் அளவு மட்டும் விடும் சல்லடை) முன்னால். ஃபில்டரைத் தாண்டிவிட்டால் இரண்டு, மூன்று கிலோஹெர்ட்ஸ்தான் மிஞ்சும். அதற்குத் திரை எதற்கு, காதே போதும்.

அந்த இடத்தில் வயரை நேராகப் பற்றவைத்துவிடாதே. கேபிளின் பாரத்தில் ஃபில்டரின் குணம் மாறிவிடும், செட் செவிடாகிவிடும். நடுவே ஜே310 ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஒன்றால் பஃபர் போடு; பாரம் ஏற்றாமல் சிக்னலை எடுத்துக்கொடுப்பதுதான் அதன் வேலை. ஃபெட்டின் ‘கேட்’ என்ற காலுக்கு 10 பிகோஃபாரட் வழியாக சிக்னல், கேட்டிலிருந்து தரைக்கு 1 மெகாஓம், ‘சோர்ஸ்’ என்ற காலில் 470 ஓம், அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக டாங்கிளுக்கு. அவ்வளவுதான்.

பஃபருக்குக் கரண்ட் எங்கிருந்து என்பதுதான் முக்கியம். பிட்எக்ஸில் அதே மிக்ஸர், அதே ஃபில்டர் அனுப்பும்போதும் வேலை செய்யும். அதனால் ரிசீவ் சமயத்தில் மட்டும் 12 வோல்ட் வருகிற லைனிலிருந்து எடு. நான் முதல் தடவை நேராக பேட்டரி லைனிலிருந்து எடுத்து, பி.டி.டி.யை (அனுப்ப அழுத்தும் பட்டன்) அழுத்தி, ஒரு டாங்கிளைக் காவு கொடுத்தேன்.

இன்னொன்று: இந்த செட்டின் ஐ.எஃப். (மிக்ஸர் மாற்றித் தரும் இடை அலைவரிசை) 12 மெகாஹெர்ட்ஸ். சாதாரண டாங்கிளின் ட்யூனர் 24-க்குக் கீழே இறங்காது. டைரக்ட் சாம்ப்ளிங் (ட்யூனர் இல்லாமல் சிக்னலை நேராக எடுக்கும் வழி) உள்ள டாங்கிளாகப் பார். அதன் கடிகாரம் 28.8 மெகாஹெர்ட்ஸ், அதில் பாதி, 14.4 வரை, பிடிக்கும்; நம் 12 அதற்குள் அடங்கிவிடும்.

தர்மபுரி: எஃப்.டி-857 செட்டில் ஐ.எஃப். எடுத்தேன் சார். டயலை மேலே திருப்பினால் திரையில் சிக்னல் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஏதாவது தப்பா?

தப்பே இல்லை சார். அதன் முதல் ஐ.எஃப். 68.33 மெகாஹெர்ட்ஸ். செட்டுக்குள் அலை உண்டாக்கும் ஆஸிலேட்டர் அதற்கும் மேலே நின்று கழிக்கிறது, அதனால் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி தலைகீழாகிறது. மென்பொருளில் ஐ, க்யூ (டாங்கிள் தரும் இரண்டு சிக்னல்கள்) இரண்டையும் இடம் மாற்றும் வசதி இருக்கும், அதைத் தட்டிவிடுங்கள்.

ஓசூர்: திரை முழுக்க இரைச்சல் கோடு. டாங்கிள் மட்டமானதா?

கரண்ட் போகும்வரை காத்திருங்கள். (மின்வெட்டுக்கு சந்தோஷப்படும் ஒரே ஜாதி நாம்தான்.) செட் பேட்டரியிலும் லேப்டாப் தன் பேட்டரியிலும் ஓடட்டும். கோடு மறைந்தால் குற்றவாளி எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர் என்று இவற்றில் ஒன்று. மறையவில்லை என்றால் லேப்டாப்பையே சந்தேகப்படுங்கள். மாங்காய் சீசனில் விட்டுவிட்டுப் படபடவென்று வந்தால் அது இடி. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

ஊத்தங்கரை: எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியாகச் சிறு செய்தி அனுப்பும் முறை) அனுப்ப சவுண்ட் கார்டை மைக்கில் நேரடியாகச் செருகலாமா?

கூடாது. சவுண்ட் கார்டில் வோல்ட் கணக்கு, மைக்கில் மில்லிவோல்ட் கணக்கு. 10 கிலோஓம், 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் போட்டு நூறில் ஒன்றாக்குங்கள். நடுவே 1:1 டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஹம் வராது. பி.டி.டி.க்கு ஆப்டோகப்ளர் (ஒளியால் இயங்கும் சுவிட்ச்). செட்டின் ஏ.எல்.சி. (ஒலி மிஞ்சுவதைக் காட்டும் மீட்டர்) முள் அசையாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள்; இதில் அவசரப்படுகிறவர்கள்தான் பேண்டைக் கெடுக்கிறார்கள்.

அரூர்: மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவனும் அனுப்பலாமா?

12 வயது முடிந்திருந்தால் ஹாம் உரிமத் தேர்வு எழுதலாம். உரிமம் கையில் வரும்வரை கேட்பது மட்டும், பி.டி.டி. வயரைப் பிடுங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம்: எஃப்.டி.8 ஓடும் 7.074 மெகாஹெர்ட்ஸில் கோடு கோடாகத் தெரிகிறது, ஒரு அழைப்புக்குறிகூட (நிலையத்தின் அடையாள எழுத்துகள்) வரவில்லை அண்ணா.

லேப்டாப் கடிகாரத்தைப் பார். எஃப்.டி.8 பதினைந்து பதினைந்து விநாடியாக ஓடுகிறது; இரண்டு, மூன்று விநாடி பிசகினாலே பிடிக்காது. நெட் இல்லையென்றால் மொபைல் நேரத்தைப் பார்த்துக் கையால் திருத்து.