உட்வர்க்குக்குள்ள இருந்து வந்தவங்க

கேள்வி: அண்ணா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. போன வாரம் லண்டன் பையர் வீடியோ கால்ல, தள்ளுபடி போட்டதும் பழைய கஸ்டமரெல்லாம் ‘கேம் அவுட் ஆஃப் த உட்வர்க்’னு சொன்னாருங்க. நான் மரப் பட்டன் கேக்கறாராட்ட இருக்குதுன்னு சாம்பிளுக்கு சொல்லிப்போட்டேன், மேனேஜர் இன்னும் சிரிச்சிட்டு இருக்காரு. அதுக்கு என்னதானுங்க அர்த்தம்? ‘அவுட் ஆஃப் த ப்ளூ’வும் இதுவும் ஒண்ணுதானுங்களா?

— திருப்பூர் வாசகர்

பதில்: இல்லீங் தம்பி, ரெண்டும் வேற. உட்வர்க்னா இங்க ஆசாரி வேலை இல்ல, ஊட்டுல இருக்கற நெலவு, கதவு, ஜன்னல் சட்டம், செவுத்தடில ஓடற பலகை, அந்த மரமெல்லாந்தான். அதுக்குள்ள புழு வருசக்கணக்கா மரத்த அரிச்சுத் தின்னுட்டு சத்தமில்லாம கெடக்கும், வண்டானதும் பொடி ஓட்டை போட்டு வெளிய வந்துரும், பழைய ஊட்டு விட்டத்துக்குக் கீழ மாவாட்டம் கொட்டிக் கெடக்கறத நீங்களும் பாத்திருப்பீங்க. அதாவது புதுசா எங்கிருந்தும் வரல, அங்கயேதான் இருந்திருக்குது, நம்ம கண்ணுலதான் படல.

ப்ளூங்கறது வானம். மேகமே இல்லாத வானத்துல இருந்து இடி விழுந்தா எப்படி இருக்கும், அது. 1837லயே தாமஸ் கார்லைல்ங்கற எழுத்தாளர் அந்த மாதிரி எழுதியிருக்காரு. பத்து வருசமா பேசாத ஃப்ரெண்டு திடீர்னு போன் போட்டு ‘சும்மாதான்டா கூப்ட்டேன்’னா அது ப்ளூ. அதே ஆளு உங்களுக்கு சம்பளம் ஏறுன சேதி தெரிஞ்சு கைமாத்து கேட்டு வந்தா, உட்வர்க்.

நம்ம பக்கம் இதுக்கு பைபாஸ் ரோட்ட விட நல்ல உதாரணம் இல்லீங்க. ரோடு வருதுன்னு காட்டுக்கு வெல ஏறுனா போதும், அதுவரைக்கும் நல்லது கெட்டதுக்குக் கூட எட்டிப் பாக்காத பங்காளிங்க எல்லாம் அப்பாரு காலத்துப் பத்திரத்தோட திண்ணைல வந்து உக்காந்துருவாங்க, எங்க ஊட்டுல வந்தவங்களுக்கு காப்பி போட்டுப் போட்டே அன்னைக்கு பால் தீந்து போச்சு! ‘ஈசலாட்டம் கெளம்பிட்டாங்க’ன்னு தமிழ்ல சொல்லலாம், ஆனா அதுல கூட்டந்தான் தெரியும், ‘ஆதாயம்னதும் வந்துட்டான் பாரு’ங்கற நக்கல் அவ்வளவா இல்ல.

ஒருத்தருக்கும் சொல்லலாம், கும்பலா வந்தா இன்னும் பொருத்தம். ‘கேம்’முக்கு பதிலா ‘க்ரால்ட்’னு போட்டா ஊர்ந்து வந்தாங்கன்னு ஆயிரும், வசவு கூடிரும். எதுக்கும் மூஞ்சிக்கு நேரா சொல்லிராதீங்க, ஆள புழுன்னு சொன்ன மாதிரிதான். உங்க பையர் அவரோட கஸ்டமர செல்லமா கிண்டல் பண்ணியிருக்காரு, அவ்வளவுதான்.

அப்பறம், அவரு ஃபுட்பால் பாக்கறவரா இருந்தா பந்து உட்வர்க்ல பட்டுருச்சுன்னும் சொல்லுவாரு. அது கோல் போஸ்ட்டு, அதுக்கும் பட்டன் சொல்லிப்போடாதீங்க.