நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை எப்படி வேலை செய்கிறது? எப்படிக் கவனமாகப் பயன்படுத்துவது?

டாக்டர் இல்லை நான்; இந்த மாத்திரை போடும் அம்மாவின் மகன். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். ரோட்டிலிருந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) நூற்றுச் சொச்சம் படி. காலைக் குளிரும் மேடும் சேர்ந்தால் அம்மாவுக்கு நெஞ்சு இறுகும்.

கிளினிக் கொப்பியில் இந்த மாத்திரையை ஜி.டி.என் (கிளிசரைல் டிரைநைட்ரேட்) என்று எழுதுவார்கள். டைனமைட்டில் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின்தான் (மாத்திரை வெடிக்காது!). உடம்பில் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். முக்கியமாக நாளங்கள் (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள்) விரிவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், இதயத்தின் பாரமும் குறையும். விழுங்கினால் ஈரலே பெரும்பகுதியை அழித்துவிடும், அதனால்தான் நாக்கடி.

அம்மா முதலில் நாலைந்தைக் கடதாசியில் மடித்து, வெற்றிலையோடு சுருக்குப்பையில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் வைத்தும் வலி அசையவே இல்லை. மருந்து ஆவியாகிப் போயிருக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். வெளிச்சம், சூடு, காற்று எதுவும் இதற்கு ஆகாது. வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இறுக்கி மூடி வைக்க வேண்டும்; பஞ்சு கூடப் போடக்கூடாது, அது மருந்தை உறிஞ்சும். திறந்த தேதியைப் போத்தலில் எழுதி, 8 வாரத்தில் மாற்றிவிடுகிறோம்.

இன்னொரு தடவை படியில் நின்றபடியே வைத்தார். பிரஷர் இறங்கி, தலை சுற்றி, நல்லவேளை தேயிலைச் செடியில் சாய்ந்தார். உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். தலை விண்விண்ணென்று வலிப்பது வழக்கம்தான்.

5 நிமிடத்தில் குறையாவிட்டால் 1990 என்ற நம்பரில் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு அடுத்ததை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுக்கு மேல் இல்லை. மலை ரோட்டில் வண்டி வந்து சேர நேரமெடுக்கும், அதனால் யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

தினமும் விழுங்கும் ஐசோசார்பைட் மாத்திரை வேறு; அதுவும் இதே வகை நெஞ்சுவலி மருந்துதான். அம்மாவுக்குக் காலை 8, பின்னேரம் 3 என்று கொடுத்திருக்கிறார்கள். ஞாபகத்துக்குச் சுலபம் என்று நான் காலை, இரவாக மாற்றிவிட்டேன், சரியான ஏச்சு வாங்கினேன். ராத்திரி முழுக்க மருந்து இல்லாத இடைவெளி இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உடம்பு பழகி மருந்து கேட்காமல் போய்விடும்.

அப்புறம், ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்கும் ஒன்று: வயாகரா வகை மாத்திரை போடுகிறவர்கள் இந்த நெஞ்சுவலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் விழுந்து உயிரே போகலாம். அம்புலன்ஸில் வருகிறவர்களிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும்.